வெட்டாத பதிவு

கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகம் வாசித்து ஒலிப்பதிவு செய்வது அவள் வேலை. குரல் தோதாக இருந்ததோ என்னவோ, ஆறு மாதமாக அழுகாச்சிப் புத்தகங்களையே அவள் தலையில் கட்டினார்கள். மனைவியை இழந்தவன், காதலனைப் பறிகொடுத்தவள், பிள்ளையை வாரிக்கொடுத்த தாய். எல்லாப் புத்தகமும் கடைசியில் ஒரே புத்திதான் சொல்லும்: துக்கத்தை மறைக்காதே, வாய்விட்டுச் சொல். எழுதுகிறவர்களுக்கு என்ன, எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

அவள் மறைத்துக்கொண்டுதான் இருந்தாள். நாலு மாதத்துக்கு முன், வெளியூரில் வேலை பார்த்த தம்பி சாலை விபத்தில் போய்விட்டான். அதே வாரம்தான் அம்மாவுக்கு இதயத்தில் ஆபரேஷன். அதிர்ச்சியே கூடாது என்று டாக்டர் சொல்ல, தம்பிக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, நடுக்கடலில் போன் கிடைக்காது என்று ஒரு கதை கட்டினாள். உறவுக்காரர்களும் ஒத்து ஊதினார்கள். அம்மாவுக்குப் பார்வை போய்ப் பல வருடம் ஆகிறது. மகள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. ஆனால் குரல் இருக்கிறதே. அதனால் வீட்டில் அவள் சிரித்துச் சிரித்தே பேசினாள்.

வாசிப்புத் தடுக்கினால் ஒரு தரம் கைதட்டிவிட்டு, வரியை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். கைதட்டல் கணினித் திரையில் ஊசி மாதிரி நிமிர்ந்து தெரியும். ஒலிப்பதிவாளர் அதைப் பார்த்துப் பிசகை வெட்டிவிடுவார். அந்த வாரம் வந்தது, தம்பியை இழந்த ஓர் அக்காவின் புத்தகம். 'என் தம்பி இனிமேல் வரமாட்டான்' என்ற வரியில் அவளுக்குத் தொண்டை அடைத்தது. தட்டினாள். மறுபடியும் அடைத்தது. எட்டுத் தடவை தட்டிய பிறகே வரி ஒழுங்காக வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர்தான், கவனம்தான் கொஞ்சம் போதாது. அம்மா கேட்பதற்காக வழக்கம்போல் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தவர், வெட்டிய பதிவுக்குப் பதிலாக வெட்டாததைப் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். பதிவைப் பாதியில் நிறுத்தியிருந்தாள்.

"இதுல நடுநடுவுல கைதட்டுற சத்தம் கேக்குதே, என்னடி அது?"

"தப்பா படிச்சா தட்டுவோம்மா. அதை வெட்டணும், மறந்துட்டார் போல."

"ஒரே வரிய எட்டு தடவ தப்பா படிச்சிருக்கே. நீ அப்படிப் படிக்கிறவ இல்லியே."

"தொண்ட கட்டியிருந்ததும்மா."

"உனக்குத் தொண்ட கட்டுனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "அவன் கப்பல்ல இல்லதானே?"

கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "இல்லம்மா" என்றாள்.

"எப்போ?"

"உனக்கு ஆபரேஷன் நடந்த வாரம்."

அம்மா கையை நீட்டித் துழாவி, மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி, நாலு மாசமா இதைத் தனியாவா வச்சிருந்தே?"

மகனுக்காக அம்மா அழுதது அதற்குப் பிறகுதான்.