லிந்தவ்ராவின் எண்ணெய்க்கு வந்த பழி

"யோவ், என் எண்ணெயைப் பழசுன்னு சொல்ல நீ யாருய்யா? என் சட்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்தியா?"

"நான் சொல்லலம்மா. டெஸ்டு சொல்லுது."

"எங்க அந்த டெஸ்டு? கூப்பிடு. அதையும் நாலு கேள்வி கேக்கறேன்."

இந்தக் கட்டத்தில்தான் நான் ஜன்னலைத் திறந்தேன். காற்றுக்காகத்தான். எதிர்வீட்டு அரிஸ்தேவுவின் கேட்டில் லிந்தவ்ரா, வியாபாரத்துக்குப் போகும் வெள்ளைப் பாவாடை, வெள்ளைத் தலைப்பாகையோடு, கையில் கரண்டியோடு நின்றாள். எங்கள் ரிபெய்ரா பேட்டையில் அக்கரஜே என்றால் அவள் செம்பனை எண்ணெயில் சுடும் காராமணி வடைதான். ஆனால் முந்தின நாள் சாயங்காலம் அவள் வரிசையில் பாதிப்பேர் முனையில் இருக்கும் டோராலிசியின் பாஸ்தெல் கடைக்கு, அதாவது உள்ளே பூரணம் வைத்து மடித்துப் பொரிக்கும் பலகாரத்துக்குப் போய்விட்டார்கள். காரணம் அரிஸ்தேவுவின் வாய்.

அவர் ரிட்டயரான பஸ் மெக்கானிக். தெருக் கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, கொல்லையில் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து பயோடீசல் ஆக்கி, தன் பழைய வேனுக்கு ஊற்றுவார். வேன் போனால் தெருவுக்கே பசிக்கும். வழக்கமாக எல்லார் எண்ணெயையும் கலந்துதான் போடுவார். போன வாரம் முதல்முறையாக லிந்தவ்ராவின் எண்ணெயை மட்டும் போட்டார். மறுநாள் காலையில் பீப்பாயில் டீசல் இல்லை, சோப்புக் கூழ் இருந்தது.

மனுஷன் டெஸ்டு பண்ணினார். எண்ணெயில் கொஞ்சம் எடுத்துச் சாராயத்தில் கலக்கி, நிறம் காட்டும் மருந்து ஒரு துளி விட்டு, காஸ்டிக் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். ரோஸ் நிறம் வந்தால் நிறுத்தலாம். எண்ணெய் பழசாக ஆகப் புளிப்பேறி, காஸ்டிக்கை அதிகம் குடிக்குமாம். லிந்தவ்ராவின் எண்ணெய் குடித்துக்கொண்டே இருந்தது. அதோடு விட்டாரா? பாரில் உட்கார்ந்து, "ஒரு மாசமா ஒரே எண்ணெயில சுடறா" என்றார். பீர் பாட்டில் காலியாவதற்குள் அது மூணு மாசமாகிவிட்டது.

"தினம் புது எண்ணெய் ஊத்தறேன்யா நான்."

"அப்ப டோராலிசி எண்ணெய் மட்டும் ஏன் கொஞ்சமா குடிக்குது?"

லிந்தவ்ரா விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள். தோற்றுவிட்டாள் என்றுதான் நினைத்தோம். அவளோ சீல் உடைக்காத செம்பனை எண்ணெய் பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

"இதைப் பாரு. மூடியை நீயே திற."

அதற்குள் நானும் கேட்டுக்கு வந்துவிட்டேன். ஜன்னலிலிருந்து சரியாகத் தெரியவில்லை. அரிஸ்தேவு கலக்கினார், சொட்டினார். நிறம் வரவில்லை. மறுபடி சொட்டினார்.

"இன்னும் விடுங்க மாமா, கூச்சப்படாதீங்க," என்றான் வேடிக்கை பார்க்க வந்த பார் கடைக்காரன்.

ஒருவழியாக ரோஸ் வந்தபோது, புது எண்ணெய் ஏறக்குறைய பழையது அளவுக்கே குடித்திருந்தது.

"இந்த பாட்டிலையும் நான் ஒரு மாசம் சுட்டுட்டு மூடி வச்சேனா?"

அரிஸ்தேவு கண்ணாடியைத் துடைத்தார். "இந்த எண்ணெயே இப்படித்தான் போல. டோராலிசி ஊத்தற சோயா மாதிரி இல்ல. பொறக்கும்போதே புளிப்பு."

"என்கிட்ட சொல்லாத. பாருல போய்ச் சொல்லு."

சொன்னார், அதே ஸ்டூலில் உட்கார்ந்து. பின்னால் லிந்தவ்ரா கரண்டியோடு நின்றாள். அன்று சாயங்காலம் அவள் வரிசை மருந்துக்கடையையும் தாண்டியது. வரிசையில் நின்ற அரிஸ்தேவுவை இரண்டு தடவை கடைசிக்கு அனுப்பினாள்.

இவ்வளவு சண்டை போட்டவர்கள் கல்யாணத்தில்தான் முடிவார்கள் என்று தெருவே பேசிக்கொண்டது. ஆனால் அரிஸ்தேவு கட்டிக்கொண்டது டோராலிசியை. அன்பு என்கிறார். சோயா எண்ணெய் என்கிறேன் நான். லிந்தவ்ரா இட்டபுவான் கடற்கரைப் பக்கம் குடிபோய்விட்டாள், அங்கே இப்போது இரண்டு சட்டி. ஞாயிற்றுக்கிழமை அரிஸ்தேவுதான் எங்களை வேனில் அங்கே சாப்பிட அழைத்துப் போகிறார். டோராலிசி வருவதில்லை.