பெட்டியை எடுக்கிறதா, வைக்கிறதா

...எடுத்துவிட்டால் அப்புறம் மூச்சு எந்த வழியாகப் போகும், கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாக என்கிறாரே டாக்டர் ஹேமாவதி, அப்போது வாய் எதற்கு, சோறு தின்ன மட்டுமா... சுருளியாண்டி தேனி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டான். தொண்டைப் புற்று குரல்பெட்டியைத் தாண்டி வெளியே வந்துவிட்டதாம், பெட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தால் பிழைக்க வழி அதிகமாம். வெட்டாமல் கரண்டும் மருந்துமே போதுமென்றால் பெட்டி தங்கலாம், ஆனால் குடிக்கிற தண்ணீர் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம், நோய் திரும்பினால் அதற்கப்புறம் வெட்டுகிற புண் லேசில் ஆறாது... யோசித்துச் சொல்லுங்கள் என்று உள்ளே போய்விட்டார். என்னத்தை யோசிக்க? வாழைத்தார் சுமந்து தோப்பிலிருந்து லாரிக்கு வரிசையாக வரும்போது முன்னால் போகிறவன்தான் சத்தம் கொடுக்கணும், சேறு, பள்ளம் என்று. சின்னமனூர்த் தோப்புகளில் அந்தச் சத்தம் இவனுடையது, ஊமையை எவன் முன்னால் விடுவான்? கத்தி பட்டால் பரவிவிடும் என்று மச்சான் வேறு... பக்கத்தில் இருந்த பெண்டாட்டி மாயக்காளோ, “நீ பேசி எனக்கு என்னத்த வாரிக் கொடுத்த? உசுரோட இருய்யா, போதும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கத்தான் திருப்பியிருப்பாள்.

“என்னண்ணே, பேயறஞ்ச மாதிரி இருக்கீக?” தகர டப்பாவுக்குள் வண்டு பேசுவதுபோல ஒரு சத்தம். எதிர் பெஞ்சில் ஒருவன், கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு... “எனக்கும் பெட்டிய எடுத்துட்டாக. உள்ள சின்னதா ஒரு வால்வு வச்சிருக்காக, ஓட்டைய அடச்சு அது வழியா பேசப் பழகிக்கிட்டேன். செல்லப்பாண்டி, தேவாரம், தார் சுமக்குற ஆளு. நீங்க? சின்னமனூரா! தார எறக்கச் சொன்னா எறியிற கூட்டமாச்சே!” சுருளியாண்டிக்குச் சுருக்கென்றது, கரகரத்த குரலை இழுத்துப் பிடித்து, “யாருய்யா எறியிறது? அடியில சருகு மெத்த போடாம ஏத்துறவுக நீங்க!” என்றான். “பச்ச எல விரிப்போம்ல, குளுகுளுன்னு இருக்கும்.” “பச்ச எலையில தாரு புழுங்கிப்போகும்யா, வெவரம் கெட்ட மனுசா!” மாயக்காள் சிரித்துவிட்டாள், “இது ஆஸ்பத்திரியா, வாழைக்கா மண்டியா?” நர்ஸ் இவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், எழுந்தான், பச்சை இலைக்காரனை மடக்க இன்னும் ஒரு வார்த்தை நாக்கில் நின்றது, திரும்பி வந்து சொல்லணும்... கதவருகே கால் நின்றது. அந்தத் தகரச் சத்தம்? இதோ, பின்னால் இன்னமும் வம்பளந்துகொண்டுதானே இருக்கிறது... எப்போதிலிருந்து அது இவன் காதில் வெறும் தேவாரத்துக்காரன் பேச்சாக ஆகிப்போனது?