நாற்பது நிமிஷம்

நகரசபைக் கட்டிடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடந்த அறைதான் இளைஞர் நலப் பிரிவு. அங்கே பத்தொன்பது வருஷமாக எழுத்தர் வேலை பார்த்தவள், இளைஞர் நாள் கொண்டாடப் பணம் கேட்டு வந்த எத்தனையோ மனுக்களைப் பார்த்திருக்கிறாள். பாட்டுப் போட்டி, ஓட்டப் பந்தயம், கோப்பை. பெயரை மட்டும் மாற்றிப் போன வருஷத்து மனுவையே கொடுப்பவர்களும் உண்டு.

இந்த வருஷம் வந்தது வேறு மாதிரி. கொண்டுவந்தவள் ரொட்டிக்கடையில் வேலை செய்யும் பெண். பேச்சும் நடையும் அப்படியொரு வேகம் என்பதால் கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் மின்னல். அவளுடைய தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அவனும் அவனைப் போன்ற ஆறு பேரும் சேர்ந்து சைகை மொழியில் ஒரு நாடகம் தயாரித்திருந்தார்கள். நாற்பது நிமிஷம் ஓடும். காது கேட்கிறவர்களுக்கும் புரியும்படி கூட நின்று குரல் கொடுக்க ஒரு மொழிபெயர்ப்பாளர், மேடைக்கு நல்ல விளக்கு. கேட்டது அவ்வளவுதான்.

"இருட்டுல நாம பேசிக்கலாம் அக்கா. அவங்களால முடியாதே," என்றாள் மின்னல்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுத்தர் கோப்பைத் தானே கையில் எடுத்துக்கொண்டு மேசை மேசையாக அலைந்தாள். பணம் அனுமதியானது.

அனுமதியானதும் நகரசபைத் தலைவருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்திலேயே மண்டப வாசலில் அவர் படம் போட்ட பெரிய வளைவு ஒன்று வைப்பதென்றும், அதை அவர் மைத்துனரே செய்வதென்றும் முடிவாயிற்று. "விளக்கும் மொழிபெயர்ப்பாளரும் என்ன ஆச்சு சார்?" என்று அவள் பிரிவு அதிகாரியை இரண்டு தடவை கேட்டாள். "எல்லாம் நான் பார்த்துக்கிறேம்மா," என்றார் அவர், இரண்டு தடவையும்.

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் இளைஞர் நாள் அன்றைக்குத்தான் தெரிந்தது. காலை எட்டு மணியிலிருந்து பிள்ளைகளை வாசலில் பூவோடு வெயிலில் நிறுத்தியிருந்தார்கள். தலைவர் பதினொன்றுக்கு வந்தார். இளைஞர்கள்தான் நாட்டின் தூண்கள் என்று ஒன்றேகால் மணி நேரம் முழங்கினார். பிறகு மைத்துனர் பேசினார். அந்தத் தூண்களுக்கு உட்கார நாற்காலி இல்லை.

ஒன்றரை மணிக்கு, "நேரம் போதாததால் நாடகம் ஐந்து நிமிஷம் மட்டும்," என்று அறிவித்தார்கள். விளக்கு இல்லை. குரல் கொடுக்க ஆளும் இல்லை. ஏழு பேரும் அரையிருட்டில் தொடங்கினார்கள். மேடையில் சத்தமே வராததைப் பார்த்த அறிவிப்பாளர், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, ஒலிபெருக்கியில், "சாப்பாடு தயார், எல்லாரும் வரலாம்!" என்று கூவிவிட்டார்.

மண்டபமே எழுந்தது. மேடையில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. மின்னலின் தம்பி இரண்டு கையையும் உயர்த்தி ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பினான். எதிரே முதுகு முதுகாகத் தெரிந்தது. உயர்த்திய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றான். "உட்காருங்க! இன்னும் முடியல!" என்று மின்னல் தொண்டை கிழியக் கத்தினாள். சாப்பாட்டு வரிசையில் தலைவர் முதலில் நின்றுகொண்டிருந்தார்.

எழுத்தர் அந்த வரிசையில் போய் நிற்கவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி ஒரு தாளை நீட்டினார். 'அனுமதித்த நிகழ்ச்சிகள் அனைத்தும் நடந்தன' என்ற சான்று. பிரிவு எழுத்தர் கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிப் பணம் வெளியே வரும். வளைவுக்கான பணமும் அதில்தான்.

"நடக்காததை நடந்ததா எழுத மாட்டேன் சார்."

"ஐயோ, ஒரு கையெழுத்தும்மா. வருஷா வருஷம் போடுறதுதானே?"

"வருஷா வருஷம் போட்டேன். அதை நினைச்சாத்தான் இப்ப என்னையே அறையணும் போல இருக்கு."

மறுநாள் மைத்துனர் வந்து கத்திவிட்டுப் போனார். அதற்கு அடுத்த நாள் தலைவரே கூப்பிட்டனுப்பி, "ஏழு பிள்ளைங்க கையை ஆட்டுறதுக்கா இவ்வளவு ஆட்டம்?" என்று வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"அந்தப் பணமே அந்த ஏழு பேர் கேட்டு வந்ததுங்க," என்றாள். "நாடகத்தை முழுசா நடத்துங்க. அந்த நிமிஷமே கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா நடந்ததை நடந்தபடியே எழுதி மேலே அனுப்புவேன்."

வீட்டில், பேருந்து ஓட்டும் அவள் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "ஓய்வுபெற மூணு வருஷம்தான் இருக்கு. உனக்கு எதுக்குடி இந்த வம்பு?" அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தவன் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினான்.

பத்து நாள் இழுத்தடித்தார்கள். கடைசியில் மைத்துனரின் நச்சரிப்புத் தாங்காமல் தலைவர் இறங்கி வந்தார். வியாழக்கிழமை மாலை மண்டபம் கிடைத்தது. விளக்கு வந்தது, மொழிபெயர்ப்பாளரும் வந்தார். கூடவே எழுத்தருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. திங்கள் முதல் தண்ணீர் வரிப் பிரிவு.

நாடகம் நாற்பது நிமிஷமும் நடந்தது. பார்க்க நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. முடிந்ததும் தலைவர் எங்கிருந்தோ வந்து மேடையேறி, தன்னால்தான் இந்த மாலை சாத்தியமாயிற்று என்று பேசி, கைத்தட்டலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

எழுத்தர் ஓர் ஓரமாக உட்கார்ந்து சான்றில் கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுந்தியது. மின்னலும் தம்பியும் அவளிடம் வந்தார்கள். தம்பி கையசைத்து ஏதோ கேட்டான்.

"எல்லாந்தான் நல்லபடியா முடிஞ்சிடுச்சே, அக்கா ஏன் மூஞ்சிய இப்படி வெச்சிருக்காங்கன்னு கேக்குறான்."

"உங்க நாளைப் பிடுங்கினவனே திருப்பிக் கொடுத்த மாதிரி நன்றி வாங்கிட்டுப் போறான். எனக்கு ஆறவே இல்லைன்னு சொல்லு."

மின்னல் சைகையில் சொன்னாள். தம்பி வாசல் பக்கம் பார்த்தான். பிறகு விரல்களை மடக்கி, முகத்தைக் கோணி, வேகமாக ஏதோ காட்டினான். மின்னலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன சொல்றான்?"

"தலைவரைப் பத்திதான். ஆனா அதை நான் வாயால சொல்ல முடியாதுக்கா."

"பரவாயில்லை," என்றாள் எழுத்தர். "இன்னொரு தடவை மெதுவாக் காட்டச் சொல்லு. நானும் கத்துக்கிறேன்."