சுறா எண்ணெய் பூசிய இறக்கை

1944-இல் தூத்துக்குடி உப்பளங்களுக்கு அப்பால், யுத்தத்துக்காக ஒரு விமானத் திடல் போட்டார்கள். அங்கிருந்த ஒரே சிறு விமானத்தின் இறக்கை விளிம்புகளில் கறுப்பு ரப்பர் உறை ஒட்டியிருக்கும். பறக்கும்போது பனிக்கட்டி படிந்தால் உறைக்குள் காற்றைச் செலுத்துவார்கள். அது புடைத்துப் பனிக்கட்டியை உடைத்துத் தள்ளும். சித்திரை வெயிலில் தார் உருகும் ஊருக்கு மிகவும் அவசியமான சாமான்தான்.

வாரம் ஒரு தடவை அதைப் பராமரிக்க வேண்டும் என்று உத்தரவு. சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த என்னை இடது இறக்கைக்கும், திரேஸ்புரத்தில் தோணி பழுது பார்த்த மனுவேலை வலது இறக்கைக்கும் வைத்தார்கள். நாங்கள் இருவரும் அதற்கு முன் விமானத்தைத் தொட்டதே இல்லை. எங்கள் சூப்பர்வைசர் சங்கரபாண்டியனுக்கும் அதே தகுதி இருந்தது.

நான் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஓட்டை தேடி ஒட்டுவேன். மனுவேல் தோணிக்குச் செய்வதையே இதற்கும் செய்தான்: சுறா எண்ணெய் பூசினான். ரப்பர் பளபளத்தது. ஊர்க் காக்கை முழுவதும் வலது இறக்கையில்தான் குடியிருந்தது.

"ஏலே, எண்ண ரப்பரத் தின்னுரும்" என்றேன்.

"தோணிக்குப் பூசுனா இருவது வருசம் நிக்கி. ரப்பருக்கு மட்டும் என்ன கேடு?" என்றான் மனுவேல்.

அப்போதுதான் விமானத்தை அஸ்ஸாம் மலைப் பக்கம் அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஓட்டப்போகிறவர் மணப்பாட்டு விக்டர். கலியாணமாகி மூன்று மாதம். மலைமேல் வலது பக்கம் மட்டும் பனிக்கட்டி உடையாமல் கனத்தால் விமானம் சரிந்துவிடும், அந்த மனுசன் என்ன ஆவார் என்ற நினைப்பே எனக்கு ஓயவில்லை.

புறப்படும் காலை, விக்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சங்கரபாண்டியன் சோதனை செய்தார்.

"ஏலே இனிகோ, ஒன் ரெக்க வெளுத்துப்போய்க் கெடக்கு. மனுவேல் ரெக்கையப் பாரு, மூஞ்சி பாக்கலாம்."

"அண்ணாச்சி, இவுக மூஞ்சி பாக்கதுக்கா அஸ்ஸாமுக்குப் போறாக? காத்தடிச்சுப் பாருங்க."

"சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டாச்சு."

நான் வலது இறக்கையில் பெருவிரலை வைத்து அழுத்தினேன். ஊறின அப்பளம் போல ரப்பர் பிய்ந்து வந்தது. மனுவேலின் முகம் செத்துவிட்டது.

"பாவி, கையெழுத்துப் போட்ட ரப்பரக் கிழிச்சிட்டியே!" என்று அலறினார் சங்கரபாண்டியன்.

விக்டர் அந்த ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு விமானத்தில் ஏறாமல், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்துவிட்டார்.

அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காக அன்று மத்தியானமே என்னை வேலையிலிருந்து நீக்கினார்கள். ரப்பரை யாரும் விரலால் தொடக் கூடாது என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். எண்ணெயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மூன்று வாரத்தில் புது உறை வந்தது. கிளம்பும் வரை விக்டரே கம்புடன் காவல் நின்று, காக்கையையும் மனுவேலையும் சேர்த்து விரட்டினாராம்.

அடுத்த மாதம் என் சைக்கிள் கடைக்கு அஸ்ஸாமிலிருந்து விக்டரின் கார்டு ஒன்று வந்தது.

"அண்ணாச்சி, ஐஸ் கட்டுச்சு. ரெண்டு ரெக்கையும் அத ஒதறித் தள்ளிருச்சு."

கடையில் ஆள் இருக்கிறதென்றும் பார்க்காமல் அழுதேன். அதே வாரம், சிறந்த பராமரிப்புக்காகச் சங்கரபாண்டியனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.