இரைப்பை நீரில் பத்துத் துளி

கோணேஸ்வரி மட்டக்களப்பில் பன்னிரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவள். 1997இல், புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கன் நகரில், ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் அவளுக்குக் கிடைத்தது ஆய்வுகூட உதவியாளர் வேலை. அங்கே ஆராய்ந்துகொண்டிருந்த மருந்து தண்ணீரில் கரையாது. குளிசையாக விழுங்கினால் பெரும்பங்கு இரத்தத்தில் சேராமலே வெளியே போய்விடும். எண்ணெயில் கரைத்து, அந்த எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைத்தால் குடல் உறிஞ்சும் என்பது திட்டம். ஐந்து மாதமாக, மாலையில் தெளிந்திருக்கும் கலவை காலையில் பால்போல் கலங்கிக் கிடந்தது.

மேலதிகாரி டொக்டர் பொன்னம்பலம் கலவையில் மதுசாரத்தை, அதாவது அல்ககோலை, கூட்டச் சொன்னார். கலவை தெளிந்தது. ஒரு வாரமாகியும் கலங்கவில்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

கோணேஸ்வரிக்கு மனம் ஆறவில்லை. இரைப்பை நீர்போல் அமிலம் சேர்த்த வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துத் துளி விட்டுப் பார்த்தாள். மதுசாரம் தண்ணீரோடு கலந்துவிட, மருந்து வெள்ளைத் தூளாக அடியில் படிந்தது.

“டொக்டர், போத்தலுக்க நல்லாத்தான் இருக்கு. வயித்துக்க போனாத் தூளாகுது. மதுசாரத்தைக் குறைச்சு, எண்ணெயை மாத்திப் பாப்பம்.”

“உதை ஆர் உங்களைச் செய்யச் சொன்னது? நாய்களுக்குக் குடுத்துச் சோதிக்க அனுப்பியாச்சு.”

அவள் திகதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். அன்று வீட்டில் சட்டிபானைகள்தான் அடி வாங்கின.

ஒன்பது வாரம் கழித்து முடிவு வந்தது. நாய்களின் இரத்தத்தில் மருந்து பழைய குளிசையின் அளவைத் தாண்டவேயில்லை. கூட்டத்தில் பொன்னம்பலம், கலக்கும்போது அளவு பிழைத்திருக்கலாம் என்றார். கலக்கியது அவள் ஒருத்திதான். எழுந்து போய்க் குறிப்பேட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தை எல்லோர் முன்னாலும் விரித்து வைத்தாள். பத்துத் துளியும் தூளானது ஒன்பது வாரத்துக்கு முந்திய திகதியோடு அதில் இருந்தது.

வெளியே வந்ததும் அவர் சொன்னார்: “சரி, திங்கக்கிழமை உங்கட கலவையைத் தொடங்குங்கோ.”

“ரிப்போட்டில என்ர பேர் வரோணும்.”

“உதவியாளர்மாற்ற பேர் போடுறேல்லை.”

“அப்ப நீங்களே கலக்குங்கோ, டொக்டர்.”



திங்கட்கிழமை அவள் மேசையில் புதிய திட்டத்தாள் கிடந்தது. அவர் பெயருக்குக் கீழே அவள் பெயர், இரண்டு எழுத்துப் பிழையோடு. பல்லைக் கடித்துக்கொண்டு பேனாவால் திருத்தினாள். பிறகு தராசைத் துடைத்துவிட்டு எண்ணெயை நிறுக்கத் தொடங்கினாள்.