டிரில் டீச்சர் எடுத்த ஆள்

ஓய்வு பெற்றுப் பல வருஷமாகியும் தெருவில் அவரை டிரில் டீச்சர் என்றுதான் சொன்னார்கள். மைதானத்தில் அவர் விசில் ஊதினால் காக்காகூட வரிசையில் நிற்கும் என்பது பழைய மாணவிகளின் பேச்சு. அவர்தான் குளியலறை வாசலில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார்.

வெளியூரில் இருந்த மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். டீச்சர் மறுத்துவிட்டார். ஆளாவது வைத்துக்கொள் என்று, ஒரு கம்பெனி மூலம் அவளே ஒரு பெண்ணை அமர்த்தினாள்.

வந்தவளைக் குறை சொல்ல முடியாது. டீச்சர் தண்ணீர் என்று நினைக்கும் முன்னே டம்ளர் கைக்கு வந்தது. தலை வாரிவிட்டாள், செருப்பை மாட்டிவிட்டாள். சில வாரம் கழித்து டாக்டர் பார்த்துவிட்டு, எலும்பு கூடிவிட்டது, நடையைத்தான் காணோம் என்றார். அன்றைக்கே டீச்சர் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். மகள் போனில் தாம்தூம் என்று குதித்தாள். இனி ஆளைத் தானே தேடிக்கொள்வதாக டீச்சர் சொன்னார்.

தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்ததில் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் டீ போட்டார் டீச்சர். ஓடிவந்து பாத்திரத்தைப் பிடுங்கியவர்களை அங்கேயே கழித்தார். ஒருத்தி பாதியில் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். அவளையும் வேண்டாம் என்று விட்டார். இன்னொருத்தி கடைசிவரை அசையவில்லை. அவளை எடுத்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் அவள் அசையவில்லை. கண் எந்நேரமும் செல்போனில். ஒருநாள் வாக்கர் மிதியடியில் சிக்கி டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, தலை நிமிராமலே, மெதுவாக வரச் சொன்னாள். பரீட்சையில் கேள்வியே தப்பு என்பது டீச்சருக்கு அப்போது உறைத்தது. கோபம் பெரும்பாலும் தன்மேல்தான். அவளையும் அனுப்பினார்.

மகள் லீவு போட்டு நேரிலேயே வந்துவிட்டாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல? என்கிட்ட விட்டிருக்கலாம்."

"நீ எடுத்த ஆளும் சரியா வரல, நான் எடுத்த ஆளும் சரியா வரல. தப்பா எடுத்தாலும் நானே எடுக்கறேன். வர்றவ கை படப்போறது என் உடம்புலதானே."

மகள் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். மறுநாள் ஊருக்குக் கிளம்பினாள்.

சமையலறை வாசலில் வந்து நின்றவளை டீச்சர் திரும்பக் கூப்பிட்டு, அன்றைக்கு எதற்காக எழுந்தாள் என்று கேட்டார்.

"நீங்க சாஞ்சா பிடிக்கலாம்னுதான் டீச்சர். டீ போட இல்ல."

வேலைக்கு வரும்போது அவளும் நிபந்தனையோடுதான் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை வரமாட்டாள். குரலை உயர்த்திக் கூப்பிடக்கூடாது. இரண்டாவது நிபந்தனை டீச்சருக்குக் கஷ்டமாக இருந்தது, இருந்தும் ஒப்புக்கொண்டார்.

டீச்சர் குளிக்கும்போது அவள் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு முதுகைக் காட்டி நிற்பாள். காய் நறுக்குவதில் இருவருக்கும் ஒத்துப்போகாது. சில நாள் பேச்சே இருக்காது. ஆனால் மாடிப்படி இறங்கித் தெருமுனைவரை போய்வருகிறார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் விசாரிக்கலாம் என்று மகள் ஒருநாள் வேலைக்கு வந்தவளின் நம்பருக்கு அடித்தாள். அவள் இருங்க என்று சொல்லிவிட்டு, போனோடு அடுப்படியில் இருந்த டீச்சரிடம் போனாள்.

"அம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கறாங்க. நீங்களே சொல்லிடுங்க டீச்சர்."