வெளிச்சத்துக்கு அசையாத கண்

கடற்கரை வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த சவரிநாதன் தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். தண்ணீர்ச் செம்பை நீட்டிய அவன் மனைவி மதலேனம்மாள், வழக்கம்போல அவன் கண்களைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க அவளால் முடிவதில்லை. பூனைக்கண். பாட்டன் யாரோ பரங்கி என்று தெருவில் பேச்சு. அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவே கறுப்பு மணி கடுகளவு. வெயிலில் எல்லோருக்கும் அப்படித்தான். இவனுக்கோ இருட்டறையிலும் கடுகளவேதான். விளக்கை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாலும் அசையாது. கோயில் சுரூபங்களுக்குப் பதிக்கிற கண்ணாடிக் கண் மாதிரி, வெளிச்சம் வந்ததும் போனதும் அதற்குத் தெரியாது.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்சனோடு திரும்பியவன் என்று கட்டிக்கொடுத்தார்கள். முதல் மாதமெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்தாள். செத்தவன் கண்ணோடா குடித்தனம் பண்ணுகிறோம் என்று தோன்றும். ஒருநாள் மத்தியானம் அவன் மீசையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுக்கக் குனிந்தாள். மணி சுருங்கியது. பயந்து விலகினாள்; மெல்ல விரிந்தது. திரும்பவும் முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். சுருங்கியது. சூரியனுக்கே அசையாதது தனக்கு அசைகிறது! சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆசையாக ஒரு வார்த்தை பேசாத மனுஷனிடம் ஒரு பெண்ணுக்கு வேறென்ன சாட்சி கிடைக்கும்? இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே செத்துப் பிறந்தபோது, மாமியார் அவளைத்தான் ராசி கெட்டவள் என்றாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்போதும் அந்தக் கண்ணருகே போய்த்தான் ஆறுதல் தேடிக்கொண்டாள்.

இப்போது மூன்றாவது, ஆறாம் மாதம். அவனோ கொஞ்ச நாளாகத் தரையை மிதித்து மிதித்து நடந்தான். கண்ணை மூடி முகம் கழுவினால் குப்புற விழுந்தான். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள்.

வெள்ளைக்கார டாக்டர் ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு அவன் கண்ணில் விளக்கை அடித்தார். மணி அசையவில்லை. பிறகு விளக்கை வைத்துவிட்டு, தன் விரலை அவன் மூக்குக்கு நேரே கொண்டுவந்தார். சுருங்கியது. டாக்டருக்கு ஒரே உற்சாகம். படிக்கிற பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களும் விரலை நீட்டினார்கள். ஒருவன் பென்சிலை நீட்டினான். பென்சிலுக்கும் சுருங்கியது.

மதலேனம்மாளுக்கு ஊர் நடுவே முந்தானை நழுவியதுபோல் கூசியது.

டாக்டர் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற கன்னியாஸ்திரீ, எல்லோரும் ‘மாசேர்’ என்று கூப்பிடுகிறவள், அவளிடம் தமிழில் கேட்டாள்.

"எத்தினி புள்ளைங்கம்மா?"

"ரெண்டு, மாசேர். ரெண்டும் செத்துத்தான் பொறந்துச்சி."

அதைக் கேட்டதும் டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தார். கன்னியாஸ்திரீ குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒன் வீட்டுக்காரருக்கு பட்டாளத்துல கெட்ட சகவாசத்துல புடிச்ச மேக வியாதிம்மா. நரம்பத் தின்னுட்டு வருது. அதான் கண்ணு இப்பிடி. கிட்டக்க வந்தா எல்லார் கண்ணும் சுருங்கும்; வெளிச்சத்துக்கு சுருங்காததுதான் அடையாளம். ஒனக்கும் வந்திருந்தா அந்த ரெண்டு புள்ளைங்களும் அதாலதான் போயிருக்கும். ஒனக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும். ஊசி போட்டா வயித்துல இருக்கறத காப்பாத்தலாம்."

"நாளைக்கி வரேன் மாசேர்" என்றாள். அந்த அறையில் அதற்கு மேல் நிற்க அவளால் முடியவில்லை.

திரும்பும் வழியெல்லாம் வண்டியில் அவன் தெருவையே பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பேசினான்.

"அம்மாகிட்ட சொல்லாத."

இரண்டு பிள்ளைகளைப் புதைத்தபோது அவளுக்காக ஒரு வார்த்தை சொல்லாதவன் இப்போது இதைச் சொன்னான். அவளுக்கு முதல்முறையாக அவன்மேல் வெறுப்பு வந்தது. கூடவே, வெறுக்கக்கூட நேரமில்லை என்கிற பயமும் வந்தது. தனக்கும் வந்திருக்கிறதா? நாளை வரைக்கும் எப்படிப் பொறுப்பது?

அவனுடைய சவரக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் நின்றாள். அவளுடையது கறுப்புக் கண். எட்டப் பிடித்தால் மணி எது, விழி எது என்றே தெரியவில்லை. கண்ணாடியைக் கிட்டே கொண்டுவந்தாள். கறுப்புக்குள் கறுப்பாக அது தெரிந்தது. மெதுவாகச் சுருங்கியது.

"மாதாவே!" என்று நிம்மதியில் வாய்விட்டுச் சொன்னாள்.

சொல்லி வாய் மூடுமுன் சந்தேகம் வந்தது. சுருங்கியது வெயிலுக்கா, கிட்டே வந்த கண்ணாடிக்கா?

நிழலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒன்றுமே தெரியவில்லை. திரும்ப வெயிலுக்கு வந்தாள். எட்டப் பிடித்தாள், தெரியவில்லை. வயிற்றில் பிள்ளை புரண்டது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கண்ணாடியை முகத்தருகே கொண்டுவந்தாள். மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டு இன்னும் கிட்டே கொண்டுவந்தாள். உள்ளே அந்தக் கறுப்பு மணி சுருங்கிக்கொண்டே போனது.